தூசி படாத கண்ணாடி

கண்ணாடி துடைப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் ஜன்னலைப் பார்த்தாலே தெரிகிறது, இங்கே யாரும் அதற்கு மெனக்கெடுவதில்லை. துடைக்கவே தேவையில்லாத கண்ணாடியைச் செய்தவன் நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

விஷயம் எளிது. பாலிமர் என்கிற பசை. அதற்குள் சிலிக்கா, மணலில் இருக்கிற அதே சரக்குதான், கண்ணுக்கே தெரியாத பொடியாக. பசை கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்; பொடி மேலே முட்டிக்கொண்டு நின்று தண்ணீரை ஒட்டவிடாது. மழை உருண்டு ஓடும், போகிற போக்கில் தூசியையும் வாரிக்கொண்டு போகும்.

தூரிகையால் பூசினால் கோடு விழுந்தது. பனி மாதிரி மெல்லிசாகத் தெளித்தால்தான் சீராக வந்தது. அதற்கேற்ற கை என் தங்கை புருஷனுக்குத்தான் இருந்தது. கார்களுக்குப் பெயின்ட் அடித்துப் பழகியவர். நான்தான் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டேன்.

எனக்குக் கீழே வேலை பார்த்த பெண் ஒருத்தி வந்து நின்றாள். "சார், தெளிக்கிறப்ப கிளம்புற இந்தப் புகை நெஞ்சுக்குள்ள போனா அங்கயும் இப்படித்தான் படியும். மூச்சு அடைச்சிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாம யாரையும் உள்ள விடாதீங்க."

அவள் சொன்னது சரி. எனக்கு அது அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் எக்ஸாஸ்ட் ஓடினால் புகையை இழுத்துவிடும். பூச்சு திட்டுத்திட்டாக விழும். அவளை வேறு பிரிவுக்கு மாற்றினேன். நல்ல பெண். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அன்றைக்குப் பூசியது வாங்க வருகிறவர்களுக்குக் காட்டவேண்டிய பெரிய கண்ணாடி. ஃபேனை நான்தான் நிறுத்தினேன். முதல் பூச்சு முடிந்ததும் மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். முகத்தில் வெறும் துணி மாஸ்க்.

"மச்சான், ஃபேனைப் போட்டுக்கட்டுமா? நெஞ்சு என்னவோ பண்ணுது."

"இன்னும் ஒரே கோட்டிங் மாப்ளே. முடிச்சிட்டு வந்துடுங்க."

"சரி மச்சான்." என் பேச்சை அவர் தட்டியதே இல்லை.

யாராவது தெரியாமல் திறந்துவிடக் கூடாதென்று கதவை வெளியே பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்போது திறந்தால் வராந்தாத் தூசியெல்லாம் ஈரப் பூச்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டுவது வேகமானது, பிறகு நகத்தால் சுரண்டுவது போல ஆனது, அப்புறம் நின்றது. பூச்சு காய்கிற வரை இருந்துவிட்டுத் திறந்தேன். மாப்பிள்ளை கதவோரம் கிடந்தார், மூச்சு இல்லை.

"அண்ணா, அவர் தட்டினது உனக்குக் கேக்கலையா?" என்று தங்கை கேட்டாள். கேட்டது என்றேன். பொய் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அவளுக்கும் ஒருநாள் புரியும்.

அந்தக் கண்ணாடி அங்கேயேதான் இருக்கிறது. சேற்றுத் தண்ணீரை வாரி ஊற்றிப் பாருங்கள், ஒரு சொட்டு நிற்காது. இப்படி ஒன்றை உங்களில் யார் செய்வீர்கள்? தலைகுனிய எனக்கு ஒன்றுமில்லை.

பூட்டினது நான். தெரிந்துதான் பூட்டினேன், கேட்டுக்கொண்டேதான் நின்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் கதவைத் தட்டினார், அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை "மச்சான்" என்று கூப்பிட்டிருந்தால், நான் திறக்காமலா இருந்திருப்பேன்.