கறுப்புத் தோலில் பொன்னெழுத்து

நல்ல பால் இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. எண்பதாம் வருஷம் ஓசூருக்கு வேலைக்கு வந்த நாள் முதல் மாதம்மாள்தான் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறாள். ஒரு நாளும் தண்ணீர் கலந்ததில்லை. அவளை எனக்கு மிகவும் பிடிக்கும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். நட்டும் போல்ட்டும் வரைந்து பிழைக்கிறவன். ஆசையெல்லாம் சித்திர எழுத்தின் மேல். பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியப் பிரார்த்தனைப் புத்தகம் ஒன்றின் படம் பார்த்தேன். கன்றுத்தோலுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி, அதன்மேல் பொன்னால் எழுதியிருந்தார்கள். நனைந்த எருமை முதுகில் வெயில் பட்டது மாதிரி மின்னியது. அன்று முதல் அதே நினைப்பு.

போன தை மாதம் பால் சங்கத் தலைவர் தீர்த்தகிரி வீட்டுக்கு வந்தார். "மாடு நல்லா வளக்கறவங்களுக்கு இந்த வருசம் ஒரு பட்டயம் குடுக்கலாம்னு இருக்கோம் சார். பிரேம் போட்ட காயிதம் வேணாம். ராஜா காலத்துல குடுத்தாப்பல இருக்கணும்" என்றார்.

"யாருக்கு?"

"வேற யாரு, நம்ம மாதம்மாளுக்குத்தான்."

அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடையில் வாங்கிய தோல்கள் உதவவில்லை. எல்லாவற்றிலும் உண்ணி கடித்த வடு, முள் கீறிய கோடு. சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்தது. மாசில்லாத இளந்தோல் வேண்டும். அது நன்றாக வளர்க்கிறவரிடம்தானே இருக்கும்? மாதம்மாள் தன் கிடாரிக் கன்று சிட்டுவுக்கு வேப்பெண்ணெய் தடவி, முந்தானையாலேயே துடைத்துவிடுவாள்.

மதியம் அவள் சங்கத்துக்குப் போயிருந்தபோது வெல்லம் காட்டிக் கூப்பிட்டேன். அதற்கு என்னைத் தெரியும், பின்னாலேயே வந்தது. தைலமரத் தோப்பில் வேலையை முடித்தேன். கஷ்டப்பட விடவில்லை. கடைசி வரை வெல்லம் தின்றுகொண்டுதான் இருந்தது.

சானமாவுக் காட்டுச் சிறுத்தை அடித்துவிட்டது என்று ஊர் பேசியது. மாதம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி ஏரிக்கரையெல்லாம் தேடினாள். நானும் கூடவே போய்த் தேடினேன். பாவம், தனியாக விடலாமா?

தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டினேன். கடுக்காயும் துருநீரும் கொடுத்த கறுப்பு ஒரே சீராக ஏறியது. ஓரத்தில் ஹொய்சளர் கோயில் சிற்பத்துப் பூங்கொடி. முதலெழுத்து மட்டும் ஐரோப்பியப் பாணி. நடுவில் பொன்னில் அவள் பெயர். பாடிக்கொண்டே செய்தேன், ஐயா. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் இருந்ததில்லை.

விழாவில் பட்டயத்தை விரித்ததும் கூட்டமே எழுந்து கைதட்டியது. மாதம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தாள். கன்றின் முதுகில் இரட்டைச் சுழி ஒன்று இருந்தது. மயிர் போனாலும் அதன் தடம் தோலில் நின்றுவிட்டது. அழகாக இருந்ததால் அதைச் சுற்றியே கொடியை ஓடவிட்டிருந்தேன். அவள் விரல் அங்கே நின்றது. மறுபடியும் தடவினாள்.

"சார், இது எந்த மாட்டுத் தோலுங்க?"

அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. "உன் சிட்டுதான் மாதம்மா. இனிமே எந்தச் சிறுத்தையும் அதைத் தொட முடியாது" என்றேன்.

அவள் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பட்டயத்தை மார்போடு அணைத்துக்கொண்ட அவள் கையைப் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அவள் புகார் கொடுத்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை, ஐயா. என் வேலைப்பாடு பிடிக்காமலா அவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்?