முகம் திருப்பிய சாட்சி

— பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு, காளியண்ணா. நாளைக்கு நாமக்கல் கோர்ட்டுல அது போதும்.

— பாக்கலீங்களே, வக்கீல் குமாஸ்தா சாமி.

— என்னய்யா இது! இதுக்கா மூச்சு வாங்க இந்த மலை ஏறி வந்தேன்? உயிலுல சாட்சின்னு உன் கையெழுத்து இருக்குதே!

— என்னுதுதானுங்க. கூடப் போட்ட மாதன் காச்சல்ல போயிட்டான். இப்ப நான் ஒருத்தன் மாட்டிக்கிட்டேன்.

— கொழுந்தனாரே, அன்னிக்கு ரேகை வெக்கறப்ப ஊட்டுக்குள்ளதான நின்னீங்க? உங்கண்ணன் படுத்திருந்த கட்டிலுக்கும் உங்களுக்கும் நாலடி இருக்குமா?

— நின்னேன் அண்ணி. நீங்க அண்ணன் கையப் புடிச்சீங்க.

— கை நடுங்குச்சுங்க. புடிச்சாத்தான ரேகை உழுகும்?

— அண்ணி அண்ணனத் தொட்டா தம்பிக்காரன் மூஞ்சியத் திருப்பிக்கோணும். எங்க மலையில அதுதானுங்க மொற. நானும் மாதனும் செவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டோம்.

— ஐயையோ, ரெண்டு பேருமா! உயிலுக்கு ரெண்டு சாட்சி எதுக்குன்னு நெனச்ச? எழுதி வெக்கறவரு கைநாட்டு வெக்கறதக் கண்ணால பாக்கத்தான்யா! வெள்ளக்காரன் சட்டத்துல உங்க மொறைக்கெல்லாம் எடமில்ல.

— ஏனுங்க, அப்ப உயிலு செல்லாதுங்களா?

— செல்லலைன்னா காடு, ஊடு எல்லாம் மூத்தாள் மவன் செல்லமுத்துக்குப் போயிரும், பாவாயி. உனக்குச் சோறும் துணியும் குடுக்கச் சொல்லுவாங்க. அவ்வளவுதான்.

— சோறா! அவன் கையிலயா! அந்தச் சாமைக்காட்டுல கல்லுப் பொறுக்குனது நானுங்க. பதினெட்டு வருசமா மெளகு பறிச்சு, சோளக்காட்டுச் சந்தைக்குத் தலையில செமந்தது நானு. காரியம் முடிஞ்ச மறுநாளே என் சட்டி பானையத் தூக்கி வாசல்ல வெச்சுட்டான். நான் எங்க போவேன், கொழுந்தனாரே?

— அழுவாதீங்க அண்ணி. எனக்கும் வயிறு எரியுது.

— எரிஞ்சாப் பாத்தேன்னு சொல்லுங்களே!

— கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணோணுமே. எங்க மலைச்சாமி அறப்பளீசுரரு சும்மா உடுவாரா? நாலு நாளாச் சோறு எறங்கல எனக்கு.

— சித்த சும்மா இருங்க, யோசிக்க உடுங்க... ஆங்! இன்னொரு வழி இருக்குது. வெக்கறதப் பாக்காட்டியும் பரவால்ல. 'இது நான் வெச்ச கைநாட்டு'ன்னு அவரே சாட்சிகிட்ட வாயால சொல்லியிருந்தாச் செல்லும்! காளியண்ணா, நீ செவத்தப் பாத்து நின்னப்ப உங்கண்ணன் ஏதாச்சும் சொன்னாரா?

— எங்க ஊட்டுக்காரருக்குப் பேச்சே வரலீங்க. நேரமாச்சு, அடிவாரம் எறங்கோணும். வாங்க போலாம்.

— இரும்மா, உனக்காகத்தான கேக்கறேன். சொல்லு காளியண்ணா.

— வேண்டாஞ் சாமி. கேக்காதீங்க.

— கொழுந்தனாரே, பாக்கலைன்னே சொல்லிருங்க. கோர்ட்டுலயும் அதையே சொல்லுங்க. போதும்.

— ஏம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? இத்தன நேரம் பாத்தேன்னு சொல்லச் சொன்னவ! காளியண்ணா, உங்கண்ணன் பேசுனாரா இல்லியா?

— பேசுனாருங்க. 'நான் வெக்கமாட்டேங்கறேன், இவ வெரலப் புடிச்சு அழுத்தறா, திரும்பிப் பாருடா தம்பி'ன்னாருங்க. நாங்க திரும்பலீங்க.