ஐந்தாவது கடையின் பூட்டை அறுத்தது யார் என்பது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர் ஆகியவை முதல் தாளில் எழுதி வாங்கப்பட்டுவிட்டன. இந்த ஊருக்கு வந்து எட்டு நாள்தான் ஆகிறது என்றாலும் இங்கே எல்லோருக்கும் நான் போன் அக்கா. வயது முப்பத்தாறு. தொழில், செல்போன் பழுது பார்ப்பது. விலாசம், துறைமுகத்துக்குப் போகும் கடைத்தெருவில் டீக்கடைக்கு மேல் மாடி, ஒரே அறை, ஏறும்போது நான்காவது படி கிடையாது. படியைப் பற்றியெல்லாம் எழுத வேண்டியதில்லை என்று எழுத்தர் சொன்னார். விசாரிக்க வருகிற காவலர் காலை உடைத்துக்கொண்டால் அதற்கும் என் மேல்தான் வழக்கு வரும், எழுதுங்கள் என்றேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ அல்ல, நானாக நடந்து வந்து இதைச் சொல்கிறேன்.

இன்று காலை கடை வரிசையின் உடையவர் கொடுத்த புகாரில், தன்னுடைய ஐந்து கடைகளைப் பூட்டு உடைத்துத் திறந்ததாகவும் ஐந்தாவது கடையிலிருந்து ஒரு மேசை திருடு போனதாகவும் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அந்தப் பூட்டை அறுத்தது தான்தான் என்று என் வீட்டுக்காரர் இங்கே வந்து எழுதிக் கொடுத்திருப்பதாகவும் அறிகிறேன். அது முழுப்பொய். அறுத்தது நான். எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். என் வீட்டுக்காரர் முன்பு பெரிய ஊரின் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவிக்கும் வேலையில் இருந்தார். நல்ல குரல். அதன் பிறகு அங்கே அவர் குரலையே பதிவு செய்து வைத்துக்கொண்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் வண்டி ஏறப் போனால் நிலையம் முழுக்க அவர் பேசிக்கொண்டிருப்பார், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். அதைவிடக் கொடுமை ஒரு பெண்டாட்டிக்கு வேறில்லை. அதன் பிறகு நாலு மாதத்துக்கு முன்னால் இந்த ஊர்த் துறைமுகத்தில் படகுகளுக்குக் காற்றும் அலையும் எப்படி என்று வாசிக்கும் வேலை கிடைத்து, அவர் மட்டும் முன்னால் வந்தார். காற்று தினமும் மாறுவதால் பதிவு செய்து வைக்க முடியாது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அதன் பிறகு தினமும் போனில் பேசும்போது, இங்கே ரொட்டிக் கடை இருக்கிறது, மருந்துக் கடை இருக்கிறது, துணிக் கடையில் கூட்டம் அலைமோதுகிறது என்று அளந்துவிட்டார். நான் விவரம் தெரிந்தவள். ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் போன் ரிப்பேர் கடை போட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் சொன்னேன், ஒரே ஒரு பையோடு ஒரு வாரம் வருகிறேன், தெருவில் நாலு கடையாவது ஓடினால் தங்குவேன், இல்லாவிட்டால் சனிக்கிழமை பதினோரு மணி வண்டியில் இரண்டு பேருமே திரும்பிவிட வேண்டும் என்று. அவர் சரி என்றார். நாலு என்று நான் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு. அவர் அதை எண்ணிவைத்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வண்டியிலிருந்து நான் ஒருத்திதான் இறங்கினேன். என் வீட்டுக்காரர் பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். கடைத்தெருவுக்கு வந்தோம். ஐந்து கடையில் நாலு திறந்திருந்தன. முதல் கடையில், எங்கள் அறைக்குக் கீழே புருஷனோடு டீக்கடை நடத்தும் அண்ணி ரொட்டி விற்றார். "இப்பதாம்மா அடுப்புலேர்ந்து எடுத்தது" என்று ஒரு பன்னைக் கொடுத்தார். ஜில்லென்று இருந்தது. நான் வழியில் வண்டி மாறிய ஊரின் ரொட்டிக் கடை பெயர் உறையிலேயே அச்சடித்திருந்தது.

அடுத்தது துணிக்கடை. படகு இன்ஜின் பழுது பார்க்கும் இன்ஜின்காரர் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பியில் ஏழெட்டுச் சட்டை தொங்கியது. அதில் ஒன்று நீலக்கட்டம் போட்டது, இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைத்தது. தைத்தது நான். அது என் வீட்டுக்காரரின் சட்டை. எவ்வளவு என்று கேட்டேன். "நானூறும்மா, புது மாடல், நேத்துதான் வந்து இறங்குச்சு" என்றார். காலர் தேய்ந்திருக்கிறதே என்றேன். "இப்ப அதாம்மா ஃபேஷன்" என்றார். பேரம் பேசி நூற்றைம்பதுக்கு அந்தச் சட்டையை வாங்கினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். ஆய்வாளர் இந்த இடத்தில் சிரித்தார், அதையும் எழுதச் சொன்னேன், எழுத்தர் மறுத்துவிட்டார்.

அதன் பிறகு மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்டேன். அங்கே இருந்த ஐஸ் வண்டிக்காரர் காலி டானிக் பாட்டில்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நாலாவது மளிகைக் கடை. டீக்கடை அண்ணன் கல்லாவில் இருந்தார், வெங்காய மூட்டையில் கை வைத்தேன், உள்ளே மீன் வலை. நாலு கடையிலும் பச்சைக் குடை வைத்த ஒரே அம்மாதான் கூடையும் கையுமாகச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். நாலாவது கடையில் முடியாமல் உட்கார்ந்துவிட்டார். நான் கேட்காமலேயே, "வியாபாரம் ஓகோன்னு நடக்குதும்மா" என்றார். இந்த நாலு கடையும், மாதம் ஒரு முறை திறந்து பெருக்குவதற்காக உடையவர் டீக்கடை அண்ணனிடம் கொடுத்துவைத்த சாவியால் திறந்தவை. பூட்டு எதையும் உடைக்கவில்லை. அன்று சாயங்காலமே பெருக்கிப் பூட்டிவிட்டார்கள். புகாரில் அந்த நாலையும் சேர்த்தது அநியாயம்.

தெருவையே கூட்டு சேர்த்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் கோபக்காரி, பெரிய ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மாடிக்குப் போனதும் வைத்து வாங்கிவிட வேண்டும் என்று வாயில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கொண்டுதான் ஏறினேன். டீக்கடை அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர், "ஆறு வருஷமா அந்த பஸ்ஸு இங்கேர்ந்து ஆளை ஏத்திட்டுத்தான் போகுது தங்கச்சி, பையோட எறங்குனது நீதான்" என்றார். அதன் பிறகு என் வீட்டுக்காரர் கீழே குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனார். குடம் நிரம்புகிற வரைக்கும் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்கிறேன். என் கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேடினேன், கிடைக்கவில்லை.

மறுநாள் கடைகள் மூடியிருந்தன. வார விடுமுறை என்றார் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை, கடைக்காரர்களுக்கெல்லாம் சொந்தக்காரர் ஒருவர் இறந்துவிட்டார் என்றார். நாலு பேருக்கும் ஒரே சொந்தக்காரரா என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை, சரக்கு சரிபார்க்கிறார்கள் என்றார். செவ்வாய்க்கிழமைக்கு என்ன வரப்போகிறதோ என்று எனக்கே ஆவலாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "எல்லாம் பொய். டீக்கடையத் தவிர இங்க ஒரு கடையும் கெடையாது. வேற வழி தெரியல" என்றார். "என் கையால பொத்தான் தச்ச சட்டைய பேரம் பேசி வாங்கினவ நான், எனக்குத் தெரியாதா?" என்றேன். நான் தங்குகிறேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு அந்த நேரம் பார்த்து வாய் வரவில்லை. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். "சனிக்கிழமை வண்டிக்கு நீ போ, இந்த மாசம் முடிச்சுட்டு நானும் வந்துடறேன்" என்று சொல்லி, என் பையை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். அன்றைக்குப் பிறகு அவர் முனகவில்லை.

வியாழக்கிழமை காலை பச்சைக் குடை அம்மா ஒரு போனைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். மகன் வெளிநாட்டில். நாலு மாதமாக மகன் பேசுவது இவருக்குக் கேட்கும், இவர் பேசுவது மகனுக்குக் கேட்காது. அதனால் மகன், "நல்லா இருக்கீங்கன்னா கட் பண்ணுங்கம்மா" என்பானாம். இவர் நல்லா இருக்கிறேன் என்று சொல்ல, பேசிக்கொண்டிருக்கும் மகனின் அழைப்பைத் துண்டிப்பாராம். நாலு மாதமாக அதுதான் பேச்சு. திறந்து பார்த்தேன், மைக் துவாரத்தில் உப்பும் மீன் செதிலும். பத்து நிமிட வேலை. அங்கேயே மகனைக் கூப்பிட்டார். மகன் எடுத்ததும் பழக்கதோஷத்தில் துண்டிக்கப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு "சாப்பிட்டியா" என்றார். அந்தப் பக்கம் அந்த மனுஷன் அழுதது அறை முழுக்கக் கேட்டது. இதற்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்தர் கேட்டார். இதுதான் சம்பந்தம், எழுதுங்கள் என்றேன்.

மத்தியானத்துக்குள் எங்கள் அறையில் இருபத்திமூன்று போன் சேர்ந்துவிட்டன. கடல் காற்றில் எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. அறையில் மேசை கிடையாது, வெளிச்சம் போதாது, ஒரு திருகாணி தரையில் விழுந்தால் போனதுதான். ஐந்தாவது கடையில் ஜன்னலை ஒட்டி நீள மேசை ஒன்று இருப்பதைக் கதவு இடுக்கில் பார்த்தேன். அந்தக் கடைக்கு மட்டும் டீக்கடை அண்ணனிடம் சாவி இல்லை. கடைப் பலகையில் இருந்த உடையவரின் எண்ணுக்கு, அண்ணனிடம் இருந்ததும் அதேதான், மூன்று முறை அடித்தேன், உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அதன் பிறகு நேற்று வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பட்டப்பகலில், இன்ஜின்காரரிடம் தண்ணீர்க் குழாய் அறுக்க வேண்டும் என்று சொல்லி ஆக்சா பிளேடு வாங்கி, முக்கால் மணி நேரம் அறுத்துப் பூட்டைத் திறந்தேன். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் துறைமுகத்தில் அலை இரண்டு மீட்டர் என்று வாசித்துக்கொண்டிருந்தார். நான் அறுத்துக்கொண்டே கேட்டேன், ஊரே கேட்டது. அதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்கு வேண்டாம்.

என் வலது கையில் இரண்டு கொப்புளம் இருக்கிறது, ஆய்வாளர் பார்வையிட்டார். என் வீட்டுக்காரர் கையையும் பாருங்கள், பஞ்சு மாதிரி இருக்கும். பாட்டில் மூடி திறக்க என்னைக் கூப்பிடுகிறவர் அவர். பிளேடில் பல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள், தெரியாது. மேசையை யாரும் திருடவில்லை. கடல் காற்று போன்களில் நேரே அடிக்காமல் இருக்க, ஜன்னலுக்கு அடியிலிருந்து வெளிச்சம் விழுகிற சுவரோரம் தள்ளிப் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். அதன் மேல் போன்கள் இருக்கின்றன, இன்றைக்குத் தருவதாகச் சொன்னவை, தயவுசெய்து அதைக் கைப்பற்ற வேண்டாம்.

இன்று காலை பத்து மணிக்குக் காவலர் எங்கள் மாடிக்கு வந்தபோது நான் ஐந்தாவது கடையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அதற்குள் என் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, "அவ பதினோரு மணி வண்டிக்குப் போறவ, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் பண்ணேன்" என்று காவலரோடு போய்விட்டார் என்று டீக்கடை அண்ணி ஓடி வந்து சொன்னார். என் மேல் வழக்கு இருந்தால் நான் ஊருக்குப் போக முடியாதே என்று அவர் பயந்திருக்கிறார். நான் நிம்மதியாகப் போவதற்காகத் தான் ஜெயிலுக்குப் போகப் பார்த்திருக்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பதினோரு மணி வண்டியில் போக உத்தேசித்திருந்தாயா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை. வந்து இறங்கிய அன்றே, குழாயடியில் அவர் முனகியதைக் கேட்டபோதே தங்குவதென்று தீர்மானித்துவிட்டேன். அவரிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு, அதற்கு அவர் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்னிடம் பேசாமல் இருக்கலாம், இரண்டு வருடம் மட்டும் வேண்டாம். பூட்டு அறுத்ததற்கு உண்டானதை நான் ஏற்றுக்கொள்கிறேன், புதுப் பூட்டு வாங்கித் தருகிறேன். உடையவர் வாடகைக்குக் கொடுத்தால் அந்தக் கடையை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். நான் இந்த ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி என்றார்கள். கதவைத் திறந்து வைத்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஆய்வாளர் அனுமதித்தார். இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது.

(கையெழுத்து)

நிலைய எழுத்தர் குறிப்பு: மேற்படி வாக்குமூலம் கதவு திறந்த நிலையில் உரக்கப் படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது. படித்து முடிக்கும் முன்பே வராந்தாவில் இருந்த அவருடைய கணவர் உள்ளே வந்துவிட்டபடியால், அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், "நான் இந்த ஊரை விட்டு" என்று தொடங்கும் வரி மட்டும் இரண்டாம் முறையும், அதன் பிறகு மூன்றாம் முறையும் படித்துக் காட்டப்பட்டது.