இரண்டு கட்டிக் கற்கண்டு

மாதுளை நிழலில் மலர்ந்த முகத்தோடு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் என் நாத்தனார் கோஹர்தாஜ் அவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் யஸ்த் நகரத்துத் தாய்மார்களே! முன்வரிசையை முந்திக்கொண்டு பிடித்த மூத்தோரே! இன்று முதல் இந்தத் தோட்டத்தில் எழுத்துப் படிக்கப்போகும் என் சின்னஞ்சிறு செல்வங்களே! அப்புறம், அதோ, திரைக்கு அப்பால், தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல் இந்தப் பக்கமே காதாக இருக்கும் ஆண்மக்களே! அனைவருக்கும் இந்தத் தூபாவின் சலாம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இத்தனை காலமும் திரைக்குப் பின்னால் நாம் இருந்தோம். இன்று ஒரு மாலைப் பொழுது அவர்கள் இருக்கட்டுமே! அங்கே இருமுவது என் கணவர் மிர்சா நஸ்ருல்லாதான். அந்த இருமலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

பள்ளிக்கூடம் திறக்க வந்தவள் பாடத்தை விட்டுவிட்டுப் பத்திரத்தைப் பற்றி ஏன் பேசுகிறாள் என்று கேட்பீர்கள். நீங்கள் அமர்ந்திருக்கிறீர்களே, இந்த மண் யாருடையது? உங்கள் காலடியில் சலசலத்து ஓடுகிறதே, இந்தத் தண்ணீர் யாருடையது? இந்த மண்ணையும் மரத்தையும் ஒரு கட்டிக் கற்கண்டு விழுங்கிவிட இருந்தது, தாய்மார்களே! அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மாமனார் ஹாஜி இஸ்மாயில் கண்ணை மூடியபோது இந்தத் தோட்டத்தையும், மலையடியிலிருந்து மண்ணுக்குள்ளேயே வரும் கால்வாயில் இதற்குரிய நீர்ப்பங்கையும் விட்டுப்போனார். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மார்க்கம் வகுத்த கணக்கு அது. ஆனால் மகளுக்கு மார்க்கம் கொடுத்ததை வழக்கம் வாங்கிக்கொள்ளும்! எப்படி வாங்கும்? வெள்ளித் தட்டில் ஒரு கட்டிக் கற்கண்டு வரும். இதற்கு ஈடாக என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று தங்கை சொல்வாள். முல்லா விடுதலைப் பத்திரம் எழுதுவார், முத்திரை விழும், வாய் இனிக்கும், தோட்டம் போகும். மறுத்தாலோ, பிறந்த வீட்டு வாசலை அன்றோடு மறந்துவிட வேண்டியதுதான். இங்கே எத்தனை பேர் வாங்கினீர்கள் அந்தக் கற்கண்டை? கையைத் தூக்க வேண்டாம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கோஹர்தாஜ் அப்போது கணவரை இழந்தவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். இந்த மாதுளை விற்றால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். பங்கு போனால், அண்ணன் வீட்டில், அதாவது என் வீட்டில், ஒரு மூலையில் உட்கார்ந்து போட்டதைத் தின்ன வேண்டும். நான் நல்ல அண்ணிதான். ஆனாலும், எந்த அண்ணி எத்தனை நாளைக்கு நல்லவளாக இருப்பாள்? ஆமாம் என்று தலையாட்டுகிறார் பாருங்கள், தலைவி!

அன்று எங்கள் கூடத்தின் நடுவே திரை தொங்கியது. அந்தப் பக்கம் முல்லா பாகிர், என் கணவர், சாட்சிகள். இந்தப் பக்கம் கோஹர்தாஜ், நான், அக்கம்பக்கத்துப் பெண்கள். தட்டு திரைக்கு அடியில் வந்து சேர்ந்தது. மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாயா என்று முல்லா கேட்டார். பதில் இல்லை. நம் பெண்களுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! கல்யாணத்தில் மணப்பெண் உடனே சம்மதம் சொல்லாதபோது நாம் வேடிக்கையாகச் சொல்வோமே, அந்தப் பழக்கத்தில், பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். மறுபடி கேட்டார். பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள் என்றாள் இன்னொருத்தி. கூடம் முழுக்கச் சிரிப்பு. என் கணவருக்கு மட்டும் பொறுமை போய்விட்டது.

"பேசாம இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம்? எழுதுங்க ஐயா."

"அது கல்யாணத்துலப்பா. இங்க கைமாறப்போறது தண்ணி. வாயத் தொறந்து சொன்னாத்தான் எழுதுவேன்" என்றார் முல்லா.

அப்போதுதான் வந்தது கோஹர்தாஜின் குரல். நடுங்காத குரல், நாணாத குரல், நறுக்குத் தெறித்த குரல்!

"ஐயா, ஒரு சந்தேகம். ஒரு பங்குக்கு ஒரு கட்டிக் கற்கண்டு போதுமா?"

"ரெண்டு பேருக்கும் சம்மதம்னா போதும்மா."

"அப்ப சரி. அண்ணனுக்கு என்னைவிட ரெண்டு மடங்கு பங்கு. அதனால ரெண்டு கட்டி வச்சிருக்கேன். அவர் பங்கை என் பேருக்கு எழுதிடுங்க."

தட்டு திரைக்கு அடியில் திரும்பிப் போனது. வந்தபோது அதில் ஒரு கட்டி, போனபோது இரண்டு! என் கணவர் துள்ளி எழுந்தார்.

"விளையாடுறியா நீ? எங்கப்பா தோட்டத்தை, தண்ணிய, ரெண்டு துண்டு கற்கண்டுக்கு எழுதித் தரணுமா? எவனாவது தருவானா?"

சொன்னவர் காதில் அந்தச் சொல் விழுந்த கணம் அது. முல்லா பாகிர் நாணல் எழுதுகோலைத் துடைத்து உறையில் போட்டார்.

"நான் கேக்க வேண்டிய கேள்விய நீயே கேட்டுட்ட மிர்சா. இனிமே எனக்கு இங்க என்ன வேலை?" என்று எழுந்து போய்விட்டார்.

தங்கையின் பங்கு தங்கையிடமே நின்றது. இனி என் வாசலை மறந்துவிடு என்றார் அண்ணன்; அண்ணன் தங்கை பேச்சுத்தான் நின்றுபோனது. ஆனால் மாதுளை பழுத்ததும் முதல் கூடை எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. நான் உரித்து வைத்தேன். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டே தின்றார். பின்னொரு காலத்தில் பட்டு வியாபாரம் செய்ய ஆசைப்பட்டு, தன் பங்கை விற்கக் கிளம்பினார். வாங்க வந்தது யார்? வாசலை மறந்துவிடு என்று அவர் சொன்ன அதே தங்கை! கல்யாணத்தில் கணவர் மஹராகத் தந்து, அவருக்குப் பின் பூட்டிக் கிடந்த கடையை விற்று, சந்தை விலை கொடுத்து, தன் முத்திரையைத் தன் கையால் பதித்து வாங்கினார். எழுதும்போது திரைக்குப் பின்னாலிருந்து, "அண்ணனுக்கு மனசாரச் சம்மதமான்னு நல்லாக் கேட்டுக்குங்க ஐயா" என்றார் பாருங்கள், அன்றுதான் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பேச்சும் திரும்பி வந்தது. அந்தத் தோட்டத்தைத்தான் இன்று நம் பெண்களுக்குப் பள்ளிக்கூடமாகத் தந்திருக்கிறார் நம் தலைவி.

ஒன்று மிச்சம் இருக்கிறது. தட்டில் வந்தது ஒரு கட்டி, போனது இரண்டு. அந்த இன்னொரு கட்டி எங்கிருந்து வந்தது? என்னங்க, கேட்கிறதா? அது என் சீர்ப்பெட்டியிலிருந்து வந்தது. என் தந்தையின் நிலத்தில் எனக்கிருந்த பங்குக்கு ஈடாக, என் அண்ணன்மார் தட்டில் வைத்துத் தந்த கட்டி அது. ஒரு நாளும் அதை நான் வாயில் வைக்கவில்லை. துணியில் சுற்றி, துணிக்குள் அழுது, மூடி வைத்திருந்தேன். என் நிலம் போனது போனதுதான். ஆனால் அந்தக் கட்டி கோஹர்தாஜின் தோட்டத்தைக் காப்பாற்றியது! என் கண் கலங்குகிறது, மகிழ்ச்சியில்தான், கலங்கட்டும்.

இருமல் நின்றுவிட்டது, கவனித்தீர்களா?

குழந்தைகளே, வெளியே போகும்போது உங்கள் எல்லோருக்கும் கற்கண்டு தருவார்கள். ஆசை தீரத் தின்னுங்கள். ஆனால் அதைத் தருகிறவர் பதிலுக்கு உங்கள் முத்திரையைக் கேட்டால், முதலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். படிக்கத்தான் இந்தப் பள்ளி! பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், திரைக்குள் பொறுமை பழகிய ஆண்மக்களுக்கும் என் நன்றி. இந்தத் தண்ணீர் வற்றாதிருக்கட்டும், வணக்கம்.