இறகு கட்டாத அம்பு

என் பெயரும் முகவரியும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தெட்டு. இறந்துபோனவர் என் கணவர். காவலில் இருப்பவர் அவருடைய தம்பி, என் கொழுந்தனார். இருவரும் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள பட்டறையில் மரவில்லும் அம்பும் செய்துவந்தார்கள். நானும் வில் எய்வேன்.

ஒவ்வொரு அம்பும் ஒரு வில்லுக்கென்றே சீவப்படும். இறகு இருந்தால் கோணலை மறைத்துவிடும் என்பதால், முதலில் இறகு கட்டாமல் எய்து பார்ப்பார்கள். அம்பின் தண்டு வில்லுக்கு ஒத்துப்போனால் பறக்கும்போது வால் ஆடாது. தண்டு அந்த வில்லின் வேகத்துக்கு வளைந்துகொடுக்கிற இளசாக இருந்தால் வால் வீசி அம்பு விலகிப் போகும். எல்லாம் சரியான பிறகுதான் இறகும், ஆளுக்கொரு நிறப் பட்டையும். அதுவரை எல்லாத் தண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் எய்கிறவர் "யாரோடது?" என்று கேட்பார், என் கணவர் பதில் சொல்வார், அதன் பிறகே நாணை இழுப்பார்கள். வால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று என் கணவர் இலக்குக்குப் பக்கத்திலேயே போய் நிற்பார். "கொஞ்சம் தள்ளி நின்னா என்னவாம்?" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். கேட்கிற ஆள் இல்லை.

பட்டறையைப் பிரிப்பது பற்றிச் சண்டை வந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது உண்மை. வேலை நிற்கவில்லை. உளி வேண்டுமென்றாலும் நான்தான் தூது. அலுத்துப்போய், "வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?" என்று இருவரையும் கேட்டேன்.

சம்பவத்தன்று காலை என் கணவர் எனக்காக ஒரு தண்டு சீவி மேசையில் வைத்தார். என் வில் லேசானது, தண்டும் இளசு. அதன் பிறகு தம்பியின் தண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு முற்றத்தில் இருக்கும் இலக்குப் பக்கம் போனார். அதன் பிறகு கொழுந்தனார் வந்து ஒன்றை எடுத்தார். "யாரோடது?" என்று கேட்கவில்லை. என் கணவரும் சொல்லவில்லை. நான் முற்றத்தின் மறுகோடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கொழுந்தனார் தன் கனத்த வில்லில் அதை எய்தார். அது வாலை வீசிக்கொண்டு விலகிப் போய் என் கணவரின் விலாவில் பட்டது.

என் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "வால் ஆடுச்சுடா. அது உன் அண்ணியோடது" என்று தம்பியிடம் சொன்னார். கொழுந்தனார் "அண்ணே, அண்ணே" என்று அழுதபடி அவரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். மருத்துவமனை போகும் வழியில் உயிர் பிரிந்தது.

வேண்டுமென்றே கொன்றதாக என் நாத்தனார் சொல்லியிருக்கிறார். அவருக்கு வில்லுக்கும் விளக்குமாற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. கொல்ல நினைப்பவர், எங்கே போகும் என்று தனக்கே தெரியாத அம்பை எடுக்க மாட்டார். எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வேண்டாம். இருக்கிறது. கொழுந்தனாரின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. ஆனால் அவர் கொலைகாரர் அல்ல. என் கணவர் கடைசியாகப் பேசியது அவரிடம்தான். என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "எய்து கொன்றார்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "அம்பு பட்டது" என்று எழுதச் சொன்னேன், எழுதினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(கையொப்பம்)