காற்று நிற்கும் இடம்

பணகுடியிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஆடிக் காற்றில் ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன.

"வீட்டுல சின்னக் காரு நிக்கு. காத்துக்குப் பயந்தா பஸ்ல வாரிய, யக்கா?" என்றாள் இளையவள்.

"காத்து அடிச்சா பயமில்லட்டீ. நின்னாத்தான் பயம்."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அதெப்படி?"

"மேக்கேயிருந்து காத்து தள்ளும். நாம ஸ்டியரிங்க காத்துப் பக்கமா ஒடிச்சுப் புடிச்சிருப்போம். ஒரு லாரிய முந்தும்போது, லாரி காத்த மறைச்சிரும். ஒடிச்ச கை அப்படியேதான இருக்கும்? காரு நேரா லாரிகிட்ட போவும்."

"தாண்டிட்டா?"

"காத்து மறுபடி ஒரு அறை விடும். வேகத்தக் கொறைச்சு, கைய இறுக்காம போணும்."

அப்போது ஒரு சின்ன வெள்ளைக் கார் எங்கள் பஸ்ஸை முந்த வலப்பக்கம் வந்தது. வந்ததும் பஸ்ஸை நோக்கிச் சாய்ந்தது.

"யக்கா, அதுக்கு இப்ப நாமதான லாரி?"

அக்கா, "பைய, பைய" என்று ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்தார். எங்களைத் தாண்டியதும் கார் ஒருமுறை வெட்டி, நேரானது.

அதன் பிறகுதான், முன்சீட்டுக் கம்பியை ஸ்டியரிங்போல் பிடித்திருந்த இரண்டு கைகளையும் அவர் எடுத்தார்.