நாற்பத்தோராம் பக்கம்

எனக்குப் பஸ் ஏறினால் வாந்தி வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. மதுரைக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. 'குண்டு விழும் ஊர்களில் ஒரு குஷிப் பயணம்' என்ற புத்தகத்தை எழுதிய செந்தூர்பாண்டி நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பதினாறு வருஷம் ஃபோர்மேன். சாத்தூரிலிருந்து டிவிஎஸ்ஸில் போய்வருவேன். புதிதாக வருகிறவர்களுக்கு எது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித்தருவது என் பொறுப்பு. எனக்கு மிகவும் பிடித்த காரியமும் அதுதான். கம்பெனியை மூடியபின், திருத்தங்கலில் அச்சகம் வைத்திருக்கும் சபரிநாதன் கூப்பிட்டார். காலண்டர் சீசன் முடிந்து மெஷின் சும்மா நின்றது.

"ஏதாச்சும் எழுதித் தாங்க அண்ணாச்சி. சண்டை நடக்குற நாட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி, சிரிக்கச் சிரிக்க. சாமி படத்தையே எம்புட்டு நாளைக்கு அடிக்கிறது?"

நான் பொய் எழுதவில்லை. தெரிந்ததைத்தான் எழுதினேன், இடத்தை மட்டும் மாற்றினேன். எங்கள் கம்பெனி வாசலில் தீப்பெட்டியையும் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு செம்புத் தகட்டைத் தொடச் சொல்வார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். அதை அப்படியே எல்லைச் சாவடிக்குக் கொண்டுபோனேன். துப்பாக்கி பிடித்த சிப்பாய் என் செருப்பைக் கழற்றச் சொல்லித் தகட்டைத் தொடவைக்கும் இடத்தை, இருக்கன்குடிக்குப் போன வேனில் யாரோ சத்தமாக வாசிக்க, டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தாராம்.

நாற்பத்தோராம் பக்கமும் அப்படித்தான். பட்டாசு அறைகளை ஏன் தள்ளித் தள்ளிக் கட்டுகிறோம்? ஒன்று வெடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது. வெடித்த அறையில் வெடிமருந்து எரிந்து தீர்ந்திருக்கும். அதன்பின் அந்த வளாகத்திலேயே பயமில்லாத இடம் அதுதான். ஆகவே எழுதினேன்: 'குண்டு விழுந்த இடத்தில் போய் உட்காருங்கள். அங்கே மறுபடி வெடிக்க ஒன்றும் மிச்சமில்லை.'

ஹெப்சிபா என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. ஜெயசீலி டீச்சர் மகள், நர்ஸ். நான் போய்வந்ததாக எழுதிய நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்ததும் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க போய்ட்டு வந்த ஊருதான் அண்ணாச்சி. போகலாமா? நீங்க சரின்னா அம்மா விட்டுருவாகளாம்."

டீச்சர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் சபரிநாதன் இரண்டாம் பதிப்புக்கு அட்டை அடித்திருந்தார்.

"தாராளமா போ தாயி" என்றேன்.

எல்லையிலிருந்து குரல் செய்தி வந்தது. "செம்புத் தகடு எங்கன இருக்குன்னு கேட்டேன் அண்ணாச்சி. சிப்பாய்க்காரன் என்னைய ஒரு மாதிரி பாக்கான்."

இடம் மாற்றி வைத்திருப்பார்கள் என்று பதில் போட்டேன். பிறகு தினமும் அனுப்பினாள். குண்டுச் சத்தம் கேட்டால் ரொட்டிக் கடை வரிசையில் எல்லாரும் குனிகிறார்களாம். வரிசையை மட்டும் விடுவதில்லையாம். புத்தகத்தின் இரண்டாம் பாகம் அவள் குரலிலேயே வந்துகொண்டிருந்தது. நான் எழுதிக்கொண்டேன். மூன்றாம் மாதம், "பயமா இருக்கு, வந்துரட்டுமா?" என்றாள். கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. இன்னும் ஒரு வாரம் இரு, அடங்கிவிடும் என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரி கிழக்குக் கட்டடத்துல விழுந்துருச்சு அண்ணாச்சி. எல்லாரும் ரெண்டு தெரு தள்ளி, தரைக்கு அடியில இருக்க ரூமுக்கு ஓடுறாக. நீங்க எழுதுன மாதிரி விழுந்த எடத்துக்கே போயிரவா? சீக்கிரம் சொல்லுங்க."

பட்டாசு அறையில் மருந்து உள்ளேயே இருக்கிறது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். பீரங்கி அடிக்கும் இடத்துக்கு மருந்து வெளியிலிருந்து வருகிறது. குறி மாறாதவரை அதே இடத்துக்கு மறுபடியும் வரும். பதினாறு வருஷம் மருந்தோடு இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஓடு என்று சொன்னால் நாற்பத்தோராம் பக்கம் தப்பு என்று ஆகும். நான் அங்கே போனதே இல்லை என்றும் ஆகும். எழுந்து கையைக் கழுவி, ஈரத்தைத் துடைத்துவிட்டு, 'விழுந்த இடத்துக்கே போ' என்று தட்டினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது.

நான்கு நிமிஷம் கழித்து அடுத்த குண்டு அதே இடத்தில் விழுந்தது. நடக்கமுடிகிற நோயாளிகள் ஆறு பேரையும் அவள் அங்கே கூட்டிப்போயிருக்கிறாள். தரைக்கு அடியில் போனவர்கள் சாயங்காலம் வெளியே வந்துவிட்டார்கள்.

டீச்சர் புகாரில் சொல்லியிருப்பது எல்லாம் சரி. செல்போனை நானே கொண்டுவந்திருக்கிறேன், ஒன்றையும் அழிக்கவில்லை. இரண்டாம் பாகத்தை ஹெப்சிபாவுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. முதல் பாகத்தின் மூன்றாம் பதிப்பில் நாற்பத்தோராம் பக்கத்தைத் திருத்திவிட்டேன்: 'குண்டு விழுந்த இடத்தில், ஐந்து நிமிஷம் கழித்துப் போய் உட்காருங்கள்.'